மாத்திரைக்குக் கேட்காத வலி

லீவரக்கா எறிந்த வீல் ஸ்பேனர் லாரியின் முன்கண்ணாடியைத்தான் உடைத்தது. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் டிரைவரின் மண்டை உடைந்திருக்கும்.

அந்த ஆள் பெரிய தப்பு எதுவும் செய்துவிடவில்லை. பஞ்சர் ஒட்டிய டயரை உருட்டிக்கொண்டு போகும்போது, வழியில் நின்ற அவளை முழங்கையால் லேசாக இடித்துவிட்டான். இடது பக்கம். லேசாக என்பது அவனுக்கு. அவளுக்கோ நெஞ்சுக்குள் கடப்பாரையை விட்டு யாரோ நெம்பியது போலிருந்தது. கண் இருட்டியது. கையில் ஸ்பேனர் இருந்தது. அடுத்த நொடி அது கையில் இல்லை. கண்ணாடியின் நடுவில் குழி விழுந்து, விரிசல் நாலாபக்கமும் சடசடவென்று ஓடியது.

"பைத்தியமா உனக்கு?" என்று டிரைவர் அலறினான்.

"ஆமாய்யா, பைத்தியம்தான்! இன்னொரு தடவ இடிச்சுப் பாரு. எவ்வளவு பைத்தியம்னு அப்ப தெரியும்!"

அவள் கணவர் ஓடிவந்து டிரைவரின் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். புதுக் கண்ணாடி போட்டுத் தருவதாகக் கெஞ்சினார். "உடம்பு சரியில்லாதவங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று அவர் தணிந்த குரலில் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதைக் கேட்டதும் இன்னொரு ஸ்பேனரைத் தேடினாள். நல்ல வேளை, பக்கத்தில் எதுவும் இல்லை.

அவள் முன்பு இப்படி இல்லை. வாய் நீளம்தான், கை நீண்டதில்லை. கணவரும் அவளுமாகச் சேர்ந்து நடத்தும் அந்த டயர் கடைக்கு எந்த லாரி வந்தாலும், அவள் லீவர் கம்பியை ரிம்முக்குள் செருகி ஒரு அழுத்து அழுத்தினால் டயர் கழன்றுவிடும். ஆம்பிளைகள் இரண்டு பேர் தொங்கியும் அசையாத டயர்கூட அவள் கைக்கு வழிவிடும். லீவரக்கா என்ற பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கணவர் பேசா மடந்தை. வருகிறவர்கள் அவளிடம் பேசுவார்கள், அவரிடம் டயரைக் கொடுப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி போனது. கதிர்வீச்சு வைத்தார்கள், தோல் கருகி, அடிபட்ட தோல் செருப்பு மாதிரி இறுகிப்போனது. எல்லாவற்றையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். "பொழைச்சாச்சு, அது போதும்" என்று கணவர் சொன்னார். அவளும் அப்படித்தான் நினைத்தாள், கடைக்குத் திரும்பும் வரை.

மார்பு இருந்த இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுப் பொதி கொடுத்திருந்தார்கள். குனிந்து டயரைப் புரட்டும்போதெல்லாம் அது நழுவிக் கழுத்துக்கு வந்தது. ஒருநாள் அவள் லீவரை அழுத்திய வேகத்தில் வெளியே குதித்து, கிரீஸ் தரையில் உருண்டு, காற்றுப் பிடிக்க வந்த ஒரு கிழவரின் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்து, தூசி தட்டி, "உங்களுதாம்மா?" என்று மரியாதையாக நீட்டினார். கடையில் இருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மாடியில் இருந்த வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பஞ்சுப் பொதியைக் கத்தரிக்கோலால் குத்திக் குத்திக் கிழித்தாள்.

"எனக்கு மார்பு வேணும்" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். "அவருக்காக இல்ல, அவரு கேக்கவே இல்ல. என்கிட்டேர்ந்து புடுங்கினது எனக்குத் திரும்ப வேணும்."

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. நெஞ்சுத் தசைக்கு அடியில் காலியான ஒரு சிலிக்கான் பையை வைப்பார்கள். வாரா வாரம் ஊசி குத்தி அதில் உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். தசையும் தோலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து இடம் கொடுத்ததும், பையை எடுத்துவிட்டு நிரந்தரமான ஒன்றை வைப்பார்கள். "கதிர் வச்ச தோல் சுலபத்துல விரியாது. வலிக்கும். வலிக்கு மாத்திரை தர்றேன், பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது" என்றார்.

"அப்ப என்னைய ட்யூப் மாதிரி ஊதப்போறீங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"வால்வு எங்க வைப்பீங்க?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். உண்மையாகவே அவளுக்கு வைத்த பையில் ஒரு வால்வு இருந்தது. நர்ஸ் தோலின்மேல் சின்னக் காந்தம் ஒன்றை வைத்து அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஊசியை இறக்குவாள். தோல் மரத்துப்போயிருந்ததால் ஊசி குத்துவதே தெரியாது. தண்ணீர் ஏற ஏறத்தான் தெரியும். இரும்புப் பட்டையை நெஞ்சில் கட்டி, நட்டைப் போட்டு, ஒருவன் நிதானமாக முறுக்குவது போல இருக்கும். மூச்சை முழுக்க இழுக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு தசை தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். படுக்க முடியாமல் சாய்வு நாற்காலியில்தான் தூங்குவாள்.

ஆனால் மாத்திரை போட்டால் கேட்டது. தலை கிறுகிறுக்கும், வாய் உலரும், வயிறு கட்டிக்கொள்ளும், வலி மட்டும் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் சில வாரங்கள் இப்படிப் போயின. கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை அதட்டிக்கொண்டு, நாட்களைத் தள்ளினாள்.

கணவர் ஒற்றை ஆளாகத் திண்டாடுவதைப் பார்த்து, அவளே தன் தம்பியை வரவழைத்தாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். சில வருஷங்களுக்கு முன் அவன் வேலை பார்த்த கிடங்கில் மேலேயிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டவன். அப்போது கொடுத்த வலி மாத்திரையை விட முடியாமல் சீரழிந்து, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய், ஒருவழியாக மீண்டு வந்திருந்தான். "இப்ப தொடுறதே இல்லக்கா, சத்தியமா" என்றான். அவன் கன்னம் தேறியிருந்தது. அவளும் நம்பினாள்.

வந்தவன் மாடு மாதிரி உழைத்தான். அக்காவுக்குத் தலை பின்னிவிட்டான், கால் அமுக்கிவிட்டான். மாத்திரை டப்பாவின் மூடியை அழுத்தித் திருப்ப வேண்டும், அவளுடைய இடது கைக்கு அந்தச் சக்தி இல்லை. அதையும் தம்பியே பார்த்துக்கொண்டான். வேளாவேளைக்கு ஒரு கையில் தண்ணீரும் இன்னொரு கையில் மாத்திரையுமாக வந்து நிற்பான். "வாயத் தொறக்கா" என்பான். பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று அவள் கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வலி மாத்திரைக்குக் கேட்காமல் போனது.

முதலில் அவள் அதைத் தண்ணீர் கூடுதலாக ஏற்றியதால் என்று நினைத்தாள். பிறகு கதிர் வைத்த தோலைக் குறை சொன்னாள். கடைசியில் தன்னையே குறை சொல்லிக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு மிருகம் வாடகைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்கியது. இருமினால் உயிர் போனது. கதவைத் தள்ளினால், குழாயைத் திருகினால், யாராவது சிரிப்பு மூட்டினால்கூட உயிர் போனது. அடுத்த வாரம் நர்ஸிடம் சொன்னாள். "எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்மா" என்றாள் நர்ஸ். டாக்டரம்மாவிடம் சொன்னாள். ஏற்றும் அளவைக் குறைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கோங்க" என்றார் அவர். வரிசையில் தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பெண், ஊசி போட்டுக்கொண்டு செல்போனில் பேசியபடி நடந்து போனதை அவள் பார்த்தாள். லாரி டயரைக் கழற்றியவள் நான், இவளால் முடிகிறது என்னால் முடியவில்லையா என்று அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

அந்த அவமானம்தான் கையாக மாறியது. ஸ்பேனர் பறந்தது அந்த வாரம்தான். அதற்கு மறுநாள், நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தவளுக்குப் போர்த்திவிட வந்த கணவரின் விரல் தோளில் பட்டது. விழித்த வேகத்தில் அவர் கன்னத்தில் அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவர் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தாள். சோப்பு டப்பாவால் அந்தக் கண்ணாடியை உடைத்தாள். உடைத்த அதிர்ச்சி நெஞ்சுக்குள் போய் இறங்க, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு ஊளையிட்டாள்.

தம்பிதான் ஓடிவந்தான். அவளைப் பிடித்து உட்கார வைத்து, தலையைத் தாங்கி, மாத்திரையை நாக்கில் வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "கொஞ்ச நேரத்துல கேக்கும்க்கா" என்றான்.

கேட்கவில்லை.

மறுவாரம் நர்ஸ் காந்தத்தை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தபோது, லீவரக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டாள். ஊசித் தட்டு தரையில் சிதறியது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். டாக்டரம்மா வந்து நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். உங்க மாத்திரையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். இந்தப் பையப் புடுங்கிப் போட்டுருங்க. நான் தோத்துட்டேன்னே வச்சுக்கோங்க."

"போட்டா தலை கிறுகிறுக்குதா?"

"இல்ல."

"வயிறு கட்டுதா?"

"இல்ல. அதெல்லாம் மொதல்ல இருந்துச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இப்ப கையில மாத்திரை இருக்கா?"

இருந்தது. ஊசி போட்டதும் விழுங்குவதற்கென்று தம்பி காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தான். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது நான் எழுதிக் குடுத்தது இல்ல. அதுல நடுவுல ஒரு கோடு இருக்கும். இது சாதா கால்சியம் மாத்திரை."

"மருந்துக்கடையில மாத்திக் குடுத்திருப்பாங்க."

"இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. காகிதத்தை மடித்தபடி, "வீட்ல யாரு மாத்திரை எடுத்துக் குடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

லீவரக்கா சட்டையின் பொத்தான்களை வலது கையாலேயே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு எழுந்தாள். டாக்டரம்மா பின்னாலேயே வந்தார். "இருங்க, உங்களுக்கு மொதல்ல வலிக்கு ஊசி போடணும்" என்றார். அவள் காதில் அது விழவே இல்லை.

வண்டியை ஓட்டிய கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். வீடு வந்ததும் நேராக மாடி ஏறினாள். அலமாரியிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்தாள். மூடி திறக்கவில்லை. அதைத் தரையில் வைத்து, அலமாரிக்கு அடியில் கிடந்த, அம்மிக் குழவி மாதிரி கனத்த ஒரு சுத்தியலால் ஓங்கி ஒரே போடு போட்டாள். வலியில் கண்ணில் பொறி பறந்தது. டப்பா சிதறி மாத்திரைகள் உருண்டன. மண்டி போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். "ஒண்ணுலயும் கோடு இல்ல, எல்லாம் கால்சியம்" என்றாள். எல்லாம் மொழுமொழுவென்று இருந்தன. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவருக்கு அப்போதுதான் விளங்கியது. 

கீழே தம்பி ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளிய வா."

"இருக்கா, இந்த ஒரு நட்ட மட்டும் முறுக்கிட்டு வர்றேன்."

"வாடா வெளிய!"

அவன் முதுகை உரசிக்கொண்டு வெளியே வந்தான். கணவர் போய் ஷட்டரை இழுத்து விட்டார். கடை அரை இருட்டானது. அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். தம்பி மாத்திரைகளைப் பார்த்தான், பிறகு ஷட்டரைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது.

"எப்பலேர்ந்துடா?"

"என்னக்கா சொல்ற? கடைக்காரன் ஏதாவது மாத்தி..."

"எப்பலேர்ந்து?"

"முதுகு விட்டுப்போச்சுக்கா" என்று அவன் குரல் உடைந்தது. "இந்த டயரெல்லாம் தூக்கித் தூக்கி... ஒண்ணே ஒண்ணுன்னுதான் எடுத்தேன். அப்புறம் நிறுத்த முடியல. உனக்கு மட்டும்தான் வலியா? நான் கேட்டா எந்த டாக்டரு குடுப்பான்?"

"என்கிட்ட கேட்டியா? வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னியா? செவத்துல மண்டைய முட்டிக்கிட்டு நின்னேன். நீதான வந்து தலையப் புடிச்ச? கொஞ்ச நேரத்துல கேக்கும்க்கான்னு நீதான சொன்ன? எந்த வாய்டா அது?"

அவன் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு அழுதான். அப்போது அவன் சட்டைப் பை தொங்கியது. பஞ்சர் ஒட்டும் பசை டப்பா ஒன்று அதில் புடைத்துக்கொண்டிருந்தது. பசை டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யார் வேலை செய்வார்கள்? அவள் சட்டென்று கையை விட்டு அதைப் பிடுங்கினாள். உள்ளே மாத்திரைகள் கலகலத்தன.

அந்தச் சத்தம் கேட்டதும் அழுகை நின்றது. அவன் முகத்தில் அவள் அறியாத ஒருவன் வந்து நின்றான்.

"குடுத்துரு."

"மாட்டேன்."

"அக்கா, குடுத்துரு. சொல்லிட்டேன்."

அவன் பாய்ந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவள் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். எங்கே தள்ளுகிறோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கட்டுப் பிரித்து மருந்து போட்டவனே அவன்தான். அவள் பின்னால் பறந்து, சாய்த்து வைத்திருந்த ரிம்மின் விளிம்பில் இடது பக்கமாக விழுந்தாள். உள்ளே என்னவோ கிழிந்தது. கத்தக்கூட மூச்சு வரவில்லை. வாயைத் திறந்தபடி தரையில் கிடந்தாள்.

டப்பா திறந்து மாத்திரைகள் தரையெங்கும் ஓடின. தம்பி மண்டி போட்டான். தன்னைத் தூக்கத்தான் குனிகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய், கிரீஸில் ஒட்டிக் கிடந்த மாத்திரைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். ஒன்றை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

கைக்கெட்டும் தூரத்தில் லீவர் கிடந்தது. அவள் அதை எடுத்ததும் ஓங்கியதும் அவளுக்கே தெரியாது. மாத்திரையை நோக்கி நீண்ட அந்தக் கையின்மேல், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவன் போட்ட அலறலில் தெருவில் போனவர்கள் ஷட்டரைத் தட்டினார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஷட்டர் பக்கம் நின்ற கணவர் அப்போது முன்னால் வந்தார்.  தம்பியின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி லாரியின் சக்கரத்தில் மோதினார். மறுபடி மோதினார். அவன் சரிந்ததும் விலாவில் மிதித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பூனையைக்கூட அதட்டாத மனுஷன். கிழிந்த உதட்டோடு போர்வை மடித்தவர். அத்தனை வாரங்களாக அவள் துடித்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற கால்கள், இப்போது நிற்க மாட்டேன் என்றன. தம்பியின் வாயிலிருந்து ரத்தம் கொழகொழவென்று வந்தது. அவர் திரும்பிச் சம்மட்டியை எடுத்தார்.

அவள் தவழ்ந்து போனாள். ஒரு கையால் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாங்க."

அவர் காலை உதறினார். உதறியது அவள் நெஞ்சில் பட்டது. அவள் விடவில்லை.

"நான் சொல்றதக் கேளுங்க! இவன் செத்தா நீங்க ஜெயிலுக்குப் போயிருவீங்க. அப்புறம் என்னைய யாரு தூக்கி உக்கார வைப்பா? யாரு இருக்கா எனக்கு?"

சம்மட்டி மேலேயே நின்றது. அவர் அதைத் தூர வீசினார். அது காற்றடிக்கும் கம்ப்ரஸரில் மோதிக் குழாய் பிடுங்கிக்கொண்டு, காற்று சீறியது. அந்தச் சீற்றத்துக்கு நடுவே மனிதர் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அவள் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இடது பக்கம் சில்லென்று நனைந்திருந்தது. ரத்தம் கொஞ்சம், உப்புத் தண்ணீர் நிறைய. இத்தனை வாரம் உயிரைக் கொடுத்து ஏற்றியதெல்லாம் கிரீஸ் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

அக்காவையும் தம்பியையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, தம்பி வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். லீவரக்கா எதையும் மறைக்கவில்லை. "அவன் என் மாத்திரையத் திருடினான். என்னையத் தள்ளினான். நான் அவன் கைய ஒடச்சேன். மிச்சத்த என் வீட்டுக்காரரு ஒடச்சாரு. எங்க மூணு பேரையும் என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கடைசியில், யாரும் புகார் எழுதிக் கொடுக்காததால், தம்பியைப் போதைப் பழக்கத்தை மறக்கவைக்கும் விடுதியில் சேர்ப்பதென்றும், கணவரை எச்சரித்து அனுப்புவதென்றும் முடிவாயிற்று.

பை போய்விட்டது. உள்ளே சீழ் பிடித்துவிடக் கூடும் என்பதால் அவசரமாக அறுத்து எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பு டாக்டரம்மா விலா எலும்புகளுக்கு இடையில் ஓடும் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசியைப் போட வைத்தார். கொஞ்ச நேரத்தில் மிருகம் பிடியை விட்டது. லீவரக்கா பயந்து போய் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள், அடிவரை போனது. ஸ்பேனர் எறிந்தபோதும் கை உடைத்தபோதும் வராத அழுகை அப்போது வந்தது.

"இப்படியா இருக்கணும்? இப்படி இருந்திருந்தா நான் தாங்கியிருப்பேனே டாக்டர். நான்தான் சொத்தைன்னு நெனச்சுட்டேன்."

"நீங்க மாத்திரையே இல்லாம அத்தன ஊசியத் தாங்கியிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு, "நீங்க வலிக்குதுன்னு வந்து சொன்ன அன்னைக்கே நான் இந்தக் கேள்வியெல்லாம் கேட்டிருக்கணும். பொறுத்துக்கோங்கன்னு சொல்லி அனுப்பினேன். அது என் தப்பு" என்றார்.

புண் ஆறி, அவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து அதட்ட ஆரம்பிக்கப் பல மாதங்கள் ஆயின. அதன் பிறகு அவள் திரும்பவும் டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள். கணவரும் கூடப் போயிருந்தார். இவ்வளவு பட்டும் இன்னுமா என்று அவர் கண் கேட்டது. பை இனிமேல் சரிவராது, வயிற்றுச் சதையை ரத்தக் குழாயோடு எடுத்து மேலே வைத்துத் தைக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் வலிக்கும் என்றார் டாக்டரம்மா. "ரீட்ரெடிங் பண்றாங்களாம்" என்று அவள் கணவரிடம் விளக்கினாள். "பழைய டயர் மேல ரப்பர் ஒட்டுற மாதிரி, என் சதையவே எடுத்து எனக்கு ஒட்டுறது." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவள் விடுதிக்குப் போனாள். தம்பி இளைத்திருந்தான். உடைந்த கை சற்றே கோணலாகக் கூடியிருந்தது. அவளைப் பார்த்ததும் காலில் விழப் போனான்.

"எந்திரி. மன்னிக்கிறதுக்கு வரல."

"பின்ன எதுக்குக்கா வந்த?"

"திரும்ப அறுத்துக்கப் போறேன். அதே மாத்திரை வீட்டுக்கு வரும். அது இருக்கிற வரைக்கும் நீ அந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"வரமாட்டேன்."

"உனக்கு முதுகு இப்ப எப்படி இருக்கு?"

"வலிக்குது. இங்க வேற மருந்து தர்றாங்க. முக்கால்வாசி கேக்குது."

"மிச்சம் காவாசிய என்ன பண்ற?"

"கத்துறேன்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்குப் புரிந்தது.

ஆபரேஷன் அவள் பயந்ததைவிட மோசமாகவே இருந்தது. வயிற்றில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை வெட்டு, நெஞ்சில் ஒரு வெட்டு. கூன் போட்டபடிதான் நடந்தாள். ஆனால் இந்த முறை வலிக்கு ஆள் வைத்துக் காவல் போட்டிருந்தார்கள். வலி தலை தூக்கும் முன்பே மருந்து வந்தது. கேட்காதபோது, "கேக்கல" என்று வார்டே அதிரக் கத்தினாள். மாற்றிக் கொடுத்தார்கள். கணவர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாத்திரையை அவள் கையிலேயே கொடுத்து, அவள் அதைப் புரட்டிப் பார்த்து விழுங்கும் வரை காத்திருந்தார்.

மார்பு வந்துவிட்டது. மற்றதைப் போல இல்லை. கொஞ்சம் மேலே தூக்கி, கொஞ்சம் கோணலாக, சுற்றிலும் தையல் வடுவோடு இருந்தது. ஆனால் தொட்டால் சூடாக இருந்தது, அவள் சதை. டயரைப் புரட்டும்போது நழுவவில்லை. குளிர் நாட்களில் உள்ளுக்குள் பழைய முறுக்கு வரும். அன்றைக்கு அவள் பக்கத்தில் கணவர் ஸ்பேனர் எதையும் வைப்பதில்லை.

வீட்டில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அவள் ஆள் விட்டுச் சொன்ன பிறகுதான் தம்பி வந்தான். வேறு ஒரு இடத்தில், கனம் தூக்காத வேலை கிடைத்திருந்தது. அவன் கடைக்குள் கால் வைப்பதில்லை, எதிர் ஓரத்தில் நிற்பான். அவள் இரண்டு டீயோடு சாலையைத் தாண்டிப் போவாள். அவன் தலை தெரிந்ததுமே கணவர் சம்மட்டியை எடுத்து, துருப்பிடித்த ஏதாவது ஒரு ரிம்மை அடிக்க ஆரம்பித்துவிடுவார். தேவையோ தேவையில்லையோ, அவன் போகிறவரை அடி ஓயாது. அக்காவும் தம்பியும் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசிக்கொள்கிறார்கள்.